கூட வேலை செய்பவருக்கு என்ன விலை? பார்லர் நாற்காலிக் கணக்கு

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பியூட்டி பார்லர் பலகைகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே இருக்கும். உள்ளே நுழைந்தால் ஒரே கடை போலத் தெரியும். ஆனால் இப்போது பல இடங்களில் அது ஒரே கடை அல்ல. உரிமையாளர் ஒரு நாற்காலியைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை வாடகைக்கு விட்டிருப்பார். முடி வேலைக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர், மெஹந்திக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் ஒருவர் என்று இருப்பார்கள். கண்ணாடியும் கரண்டும் வாசலும் பொது, கல்லா மட்டும் தனித்தனி.

வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்பதில் குழப்பமில்லை. விலைப்பட்டியல் சுவரில் தொங்குகிறது. கூட்டம் இல்லாத மதியத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வந்து, "அக்கா, எனக்கும் ஒரு ஃபேஷியல் போட்டுவிடுங்களேன்" என்று சாய்ந்து உட்காரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அவர் வாடிக்கையாளர் அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்பவரும் அல்ல. சொந்தக்காரரும் அல்ல. ஆனால் அடுத்த வாரம் நமக்கு முடி வெட்டிவிடப் போகிறவர்.

இதற்கு நான் பார்த்த வழக்கங்கள் ஐந்து. சும்மா செய்துகொடுப்பது, வேலைக்கு வேலை, பட்டியலில் பாதி, பொருள் விலையோடு இடத்தின் விலையைச் சேர்த்து வாங்குவது, முழு விலை. என் கட்சி நான்காவது. மற்றவை எங்கே இடறுகின்றன என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும்.

முழு விலையைப் பற்றிப் பேச அதிகமில்லை. கணக்கில் அது நேர்மையானதுதான். ஆனால் ஒரே சோற்றுப் பாத்திரத்தைப் பகிர்ந்து சாப்பிடுகிறவரிடம் ஊராரிடம் வாங்குவதை வாங்கினால், அவர் தலைக்குச் சாயம் போட வேறு கடைக்குப் போவார். போகிற இடத்தில், "உங்கள் கடையிலேயே செய்யமாட்டார்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே நமக்கு நஷ்டம்.

சும்மா செய்வது பார்க்கப் பெரிய மனசாகத் தெரியும். புருவம் திருத்துவது வரை அது சரிதான். நூலுக்கு ஒன்றிரண்டு ரூபாய், பத்து நிமிட வேலை, யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கெடுகிறது. செய்கிறவர் மலிவான கிட்டைப் பிரிப்பார், மசாஜில் ஐந்து நிமிடம் குறைப்பார். செய்துகொள்கிறவருக்கு முகம் எரிந்தாலும் வாய் திறக்க முடியாது, காசு கொடுக்கவில்லையே! தலைச்சாயத்தில் இது ஆபத்தாகவே போய்விடும். வாடிக்கையாளருக்கு என்றால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவி ஒவ்வாமை பார்க்கிறோம். கூட இருப்பவருக்கு என்றால், "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று நேராகத் தூரிகையை எடுக்கிறோம். சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருளுக்கு நட்பு தெரியாது.

சும்மா என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. புதிய முறையைக் கற்றுக்கொண்டு வந்து கை பழக ஆள் தேடும்போது, தலை கொடுக்கிறவர்தான் நமக்கு உபகாரம் செய்கிறார். அங்கே காசு கேட்டால் அது கஞ்சத்தனம். தேநீரும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வேலைக்கு வேலை என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நீ எனக்கு முடி வெட்டு, நான் உனக்கு ஃபேஷியல் போடுகிறேன். ஏறத்தாழ ஒரே நேரம் பிடிக்கிற, ஒரே அளவு பொருள் தின்கிற வேலைகளுக்கு இது பொருந்தும். ஆனால் அப்படி அமைவது அரிது. மெஹந்திக்காரருடைய கதை இதுதான். இரண்டு கைக்கும் முழங்கை வரை நெருக்கமாகப் போட இரண்டு மணி நேரமாவது குனிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது புருவமும் மேலுதடும். கோன் விலை குறைவுதானே என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவருடைய இடுப்பு வலி யார் கணக்கிலும் வருவதில்லை. இரண்டு திருவிழா போனதும் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். என்ன கோபம் என்று மற்றவர்களுக்கு விளங்காது.

பலரும் தேர்ந்தெடுப்பது பாதி விலையைத்தான். சொல்ல எளிது, வாதம் இல்லை. ஆனால் பாதி என்பது எதில் பாதி? பொருள் வாங்கிய கடைக்காரர் நமக்குப் பாதி விலைக்குக் கொடுக்கவில்லை. கணக்கை விரித்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் கடை எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலி வாடகை மாதம் 6,000 ரூபாய், வேலை நாள் 25 என்றால் நாளுக்கு 240. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய்தான் வரும். ஆனால் எட்டு மணி நேரமும் நாற்காலியில் ஆள் இருப்பதில்லை. நான்கு மணி நேரம் வேலை நடந்தாலே நல்ல நாள். ஆகவே வேலை நடக்கும் ஒரு மணி நேரத்தின் உண்மையான இட விலை 60 ரூபாய்.

இப்போது மூன்று வேலைகள். புருவம் பட்டியலில் 50 ரூபாய், பாதி 25. நூல் 2, இடம் 10 போக 13 ரூபாய் கைக்கு நிற்கும், பத்து நிமிடத்துக்கு. ஃபேஷியல் 700, பாதி 350. கிட் 180, ஒன்றேகால் மணி நேர இடம் 75 போக 95 நிற்கும். இரண்டிலும் மணிக்கு எண்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கூட வேலை செய்பவரிடம் வாங்க அது போதும். மூன்றாவது, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங். பட்டியலில் 4,000, பாதி 2,000. க்ரீமும் நியூட்ரலைசரும் பிறவும் 1,600, நான்கு மணி நேர இடம் 240. மிச்சம் 160 ரூபாய். நான்கு மணி நேரம் கால் கடுக்க நின்று, சூடான இரும்பைப் பிடித்து, மணிக்கு நாற்பது!

பாதி விலை என்ற ஒரே வாக்கு புருவக்காரருக்கு நட்டம் தருவதில்லை, முடிக்காரரை மட்டும் அடிக்கிறது. பொருள் செலவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடி. ஆனால் பாதி என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் எல்லோரும் சமமாகத் தலையாட்டுவார்கள்.

சதவீதக் கணக்கில் நாற்காலி எடுத்தவருக்கு இது இன்னும் மோசம். அங்கே நிலையான வாடகை இல்லை. வரவில் நூற்றுக்கு நாற்பது உரிமையாளருக்கு என்று வைத்துக்கொள்வோம், பொருள் நம்முடையது. அதே ஸ்மூத்தனிங்கைப் பாதிக்குச் செய்தால், வாங்கிய 2,000-இல் உரிமையாளருக்கு 800, பொருளுக்கு 1,600. கையிலிருந்து 400 போட்டு வேலை செய்திருக்கிறோம். உரிமையாளர் பட்டியல் விலையில்தான் பங்கு என்று சொல்லிவிட்டால் 1,600-உம் 1,600-உம் சேர்ந்து 3,200. நட்டம் 1,200. ஃபேஷியலிலும் பட்டியல் விலையில் பங்கு என்றால் 110 ரூபாய் இழப்பு. இந்த ஒரு கேள்வியை, அதாவது சக ஊழியர் விலையில் உங்கள் பங்கு எந்தத் தொகைக்கு என்பதை, நாற்காலி எடுக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் உரிமையாளர் சேச்சி சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். பொருளையும் உரிமையாளரே கொடுக்கும் கடையென்றால் சலுகை கொடுக்கும் உரிமையே நமக்கில்லை. அது அவருடைய க்ரீம்.

நான் சொல்லும் நான்காவது வழியில், மேலே உள்ள கணக்கு அப்படியே விலையாகிறது. பொருள் விலை முழுதாக, இடத்தின் விலை முழுதாக, உழைப்புக்கு எல்லோருக்கும் ஒரே மணிக் கூலி. எண்பது ரூபாய் என்று வைத்தால் புருவம் 25, ஃபேஷியல் 355, ஸ்மூத்தனிங் 2,160. முதல் இரண்டும் பாதி விலையைப் போலவேதான் இருக்கின்றன. மூன்றாவதில் கூடுதலாகத் தெரியும் 160 ரூபாய்தான் முடிக்காரரின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மெஹந்திக்காரருக்கும் இதில் இரண்டு மணி நேரக் கூலியும் இடமும் சேர்த்து 280 ரூபாயும் கோன் விலையும் கிடைக்கும். யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

பொருள் விலை போடும்போது வரியைத் தள்ளிவிட்டுப் போடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கூடவே, பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத நம்மைப் போன்ற நாற்காலிக்காரர்கள் பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால் நமக்கு அந்த வசதி முன்பும் இல்லை. ஆக, ஃபேஷியல் க்ரீமில் உள்ள 18 விழுக்காடு நம் செலவுதான். ஷாம்புவும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் 5 விழுக்காட்டுக்கு வந்துவிட்டன. பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை எடுத்துக்கொண்டால் போதும்.

எல்லையோரக் கடைக்கு இந்த வழியில் இன்னொரு வசதி உண்டு. எங்கள் பக்கம், "அங்கே இவ்வளவுதான் வாங்குகிறார்கள்" என்ற பேச்சு ஓயாது. வேலந்தாவளம் வழியாகக் கோவையிலிருந்து வருகிறவர் ஒரு விலை சொல்வார், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் ஒன்று, பாலக்காட்டில் படித்துவிட்டு வந்தவர் ஒன்று. பாதி விலை என்றால் எந்த ஊர்ப் பட்டியலில் பாதி என்று சண்டை வரும். பொருளிலிருந்து மேலே கணக்குப் போட்டால் பட்டியலே தேவையில்லை.

இதிலும் இளக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆடி. மலையாளத்தில் கர்க்கடகம். தமிழருக்கும் மலையாளிக்கும் ஒருசேரக் கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் எல்லையோரப் பார்லருக்கு இரட்டை வறட்சி. நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். நிலையான வாடகைக்காரர் அந்த நேரத்தில் சக ஊழியரை உட்கார வைத்தால் இடத்துக்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. அப்போது பொருளும் கூலியும் மட்டும் வாங்கலாம், கூலியைக்கூட விடலாம். அடுத்த மாதம் இதற்கு நேர் எதிர். ஆவணியும் மலையாளத்துச் சிங்ஙமும் ஒன்றாகப் பிறந்து, இரண்டு பக்கத்துக் கல்யாணங்களும் ஓணமும் சேர்ந்து வந்து நிற்கும். சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சக ஊழியரை நான்கு மணி நேர வேலைக்கு உட்கார வைத்தால் வாசலில் செருப்பைக் கழற்றப் போன இரண்டு பேர் திரும்பி நடப்பார்கள். அந்த வாரத்தில் சலுகை விலை என்று எதுவுமே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பாலக்காட்டுச் சித்தூரின் கொங்கன்படைத் திருவிழாவும் அப்படித்தான். கொங்குப் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழாவுக்குக் கொங்குத் தமிழ் பேசும் பெண்களே எங்களிடம் முகம் திருத்திக்கொண்டு போகிறார்கள். வியாபாரத்துக்கு நல்லது, வரலாறு பார்த்துக்கொள்ளட்டும்.

சதவீதக்காரருக்கு ஆடியிலும் விடுதலை இல்லை. நாற்காலி காலியாக இருந்தாலும் வரவில் பங்கு பங்குதான். அதனால் ஒரே கடையில் இரண்டு வகை ஏற்பாடும் இருந்தால் ஆடிச் சலுகை ஒருவருக்கு எளிது, மற்றவருக்குக் கடினம். அதை நட்பின் குறைவு என்று எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

உரிமையாளர் விஷயத்துக்கு வருவோம். பல கடைகளில் உரிமையாளருக்கு மட்டும் எல்லாம் சும்மா. மாதம் இரண்டு புருவம், ஒரு ஹேர் ஸ்பா, பண்டிகைக்கு ஒரு ஃபேஷியல். இது மரியாதை என்ற பெயரில் வாங்கும் வாடகை. கூட்டிப் பார்த்தால் மாதம் அறுநூறு, எழுநூறு ரூபாய் பொருளாகவே போகும். அவருக்கு அது வேண்டுமென்றால் வாடகையில் சேர்த்துக் கேட்கட்டும், கொடுப்பதா வேண்டாமா என்று நாம் பார்த்துக்கொள்ளலாம். அவரும் எங்களைப் போலவே பொருள் விலை கொடுக்கும் கடையில் பேச்சு சுமுகமாக இருக்கிறது.

விலையை வாயால் சொல்வதைவிட ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது மேல். வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது, நமக்குள் கேட்கவும் கூச்சப்படக்கூடாது. காசு அன்றைக்கே. பற்று எழுதினால் மாதக் கடைசியில், "அந்த ஃபேஷியலுக்குப் பாதி கிட்தானே போட்டாய்?" என்ற பேச்சு வரும். ஒரு முறைக்கான பொட்டலக் கிட்டைப் பிரித்தால் மீதி இருந்தாலும் அது முழுக் கிட்தான். அதே மீதியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், அடுத்த முகத்துக்குப் போடக்கூடாது.

கடைசியாகச் சொந்தபந்தம். சக ஊழியருக்குக் கொடுக்கும் விலை அவருடைய தாய்க்கும் பிள்ளைக்கும் நீளுமா என்பது எல்லாக் கடையிலும் வரும் கேள்வி. அவருக்கு மட்டும்தான் என்பேன். தினமும் கதவைத் திறப்பதும் தரையைக் கூட்டுவதும் நாம் இல்லாதபோது வந்தவரை உட்கார வைப்பதும் அவர்தான், அவருடைய தங்கை அல்ல. தங்கைக்குக் கல்யாணம் என்றால் மணப்பெண் அலங்காரத்துக்குப் பட்டியல் விலையில் நூற்றுக்குப் பத்து குறைக்கலாம். அதையும் முன்பணம் வாங்கி முகூர்த்தத் தேதியைக் குறித்த பிறகு சொன்னால் போதும்.