கும்பகோணத்தில் ஒன்றாம் வகுப்பு: மாநகராட்சிப் பள்ளியா, எய்டட் பள்ளியா, ஆர்.டி.இ. சீட்டா?

மகளுக்குப் பள்ளி தேடியபோது எங்களுக்கு எட்டிய தூரத்தில் மூன்று வழி இருந்தது: தெருமுனை மாநகராட்சித் தொடக்கப்பள்ளி, கொஞ்சம் தள்ளி ஓர் அரசு உதவி பெறும் (எய்டட்) பள்ளி, ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) கட்டணமில்லாமல் கிடைக்கும் இடம். மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது அவள் நான்காம் வகுப்பு. அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

புத்தகம், சீருடை, மதிய உணவு பற்றி எல்லோருக்கும் தெரியும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில்தான் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமத்து எய்டட் பள்ளிகளுக்கு 2024லும், நகரத்தில் 2025லும் வந்துவிட்டது. சாப்பாட்டில் இனி வித்தியாசம் இல்லை. சரளமாக ஆங்கிலம் பேச வைப்பதில் மெட்ரிக் முந்துகிறது, சந்தேகமே இல்லை.

ஆர்.டி.இ. காகிதத்தில் அழகான ஏற்பாடு. சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு தரும், எட்டாம் வகுப்பு வரை. ஆனால் தெரிந்த குடும்பம் ஒன்று நோட்டு, ஷூ, வேன், 'ஆக்டிவிட்டி' என்று கட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் வேறு வந்து நிற்கும். 2025ல் மத்திய நிதி சிக்கலில் மாட்டியதும் ஆர்.டி.இ. சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதுவரை பெற்றோர் என்ன செய்வார்கள்?

எய்டட் பள்ளியைக் குறைத்துப் பேச இந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. ராமானுஜன் படித்த டவுன் ஹைஸ்கூல் இருக்கும் ஊர் இது. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடம் நிர்வாகத்துடையது. நல்ல செயலர் அமைந்தால் பள்ளி ஓஹோ. அமையாவிட்டால் ஓடு உடைந்ததைக் கேட்கப் போனவருக்கு "கமிட்டியில பேசுறோம்" என்பதுதான் பதில். காலிப் பணியிடம் நிரம்ப அரசு அனுமதி வர வேண்டும். அதுவரை அதே வளாகத்துச் சுயநிதிப் பிரிவின் வசூலில் தற்காலிக ஆசிரியரைப் போட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கம்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புப் பணம். கும்பகோணத்துக்காரனுக்குப் பள்ளிக் கட்டடம் என்றாலே 2004 ஜூலை 16ஆம் தேதியும் அன்று பள்ளித் தீ விபத்தில் பறிபோன அந்த 94 பிள்ளைகளும்தான் ஞாபகம். மூன்று இடத்திலும் முதலில் பார்த்தது கூரை, மாடிப்படி. அடுத்த கேள்வி: இது பழுதானால் யாரிடம் கேட்பது, பணம் எங்கிருந்து வரும்?

அரசுப் பள்ளியில் பிள்ளைகளின் தலைக்கணக்குதான் எல்லாம். மத்திய, மாநில அரசுகள் பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம் 30 பிள்ளை வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. சேர்க்கை நாளில் தலைமையாசிரியை, "சார், இன்னும் ரெண்டு பேர் வந்தா ஒரு போஸ்ட்டு தங்கும்" என்றபோது எனக்குப் புரிந்தது இதுதான். என் மகள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறதோ அங்கே பணமும் ஆசிரியரும் போகும். ஆர்.டி.இ.யில் போயிருந்தால் அவள் பங்குக்கான அரசுப் பணம் தனியார் கணக்குக்குப் போயிருக்கும். தெருமுனைப் பள்ளியில் ஒரு தலை குறைந்திருக்கும்.

அந்த மானியத்தில் பத்து சதவீதம் தூய்மைக்கு. 25,000 என்றால் 2,500. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250 ரூபாய். பினாயில், பிளீச்சிங் பவுடர், இரண்டு துடைப்பம் வாங்கினால் தீர்ந்தது. ஐப்பசி அடைமழையில் கழிவறைக் கதவு ஊறிப்போய்த் தாழ்ப்பாள் சேராமல் நின்றபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உட்கார்ந்து வரவு செலவு நோட்டைப் பிரித்து, சாக்பீஸ் வாங்கியது போக என்ன மிச்சம் என்று பார்த்தோம். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் உண்டு. ஆசிரியரைத் தருவது கல்வித் துறை, கட்டடம் மாநகராட்சியுடையது. இரண்டு ஆபீசுக்கும் நடக்க வேண்டியிருப்பது தொல்லைதான். இருந்தாலும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், கேட்கலாம். மற்ற இரண்டு இடத்திலும் அந்த நோட்டை நம் கையில் தர மாட்டார்கள்.

மானியம் இப்படிப் படிப்படியாக இருப்பதை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. திருவாரூர், நாகை கிராமங்களில் இருபது பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் அதே மழை, அதே கூரை, அதே கழிவறை. 30லிருந்து 31 ஆனதும் 15,000 கூடுவதில் என்ன நியாயம்? கட்டடத்துக்கு ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று இருந்தால் சின்னப் பள்ளி தப்பும். மத்திய நிதி நின்றால் இந்த மானியத்துக்கும் அடி விழும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேல்வகுப்பு பற்றி எனக்கு அனுபவம் கிடையாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி வேண்டும்; ஆர்.டி.இ.யில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி போதும். எய்டட் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றுபவர்கள் அதைக் கணக்கில் வைக்கலாம். எங்கள் தெருப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்டு 1 எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கு முன்னால் வந்து சேர்த்துவிடுங்கள்.