பெட்டர் பில்லி பங்கர்: சிலாங்கூர் மழையில் எப்படி இருக்கிறது?

கோல்ஃப் மைதானத்தில் மணல் நிரப்பிய குழிக்குத்தான் பங்கர் என்று பெயர்; அந்த மணலுக்கு அடியில் போடும் ஜல்லி அடித்தள முறைதான் பெட்டர் பில்லி பங்கர். சரிவான பங்கர் என்றால் தாராளமாகப் போடுங்கள். தட்டையான பங்கர் என்றால் அந்தக் காசை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலாங்கூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எங்கள் பழைய பங்கர்களில் பாதிக்கு பெட்டர் பில்லி பங்கர் அடித்தளம் போட்டு, சில மழைக்காலங்களைப் பார்த்தாயிற்று.

இங்கே ஏப்ரலிலும், அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். முன்பெல்லாம் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சரிவில் இருந்த மணல் முழுவதும் பள்ளத்தில் கிடக்கும், மேலே செம்மண் தெரியும். கிரீனில் (பந்தை உருட்டிப் போடும் குழி இருக்கிற குட்டைப்புல் தரை) புல் வெட்ட வேண்டிய ஆட்கள் மண்வெட்டியோடு பங்கரில் இறங்கி மணலை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் முதல் ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

ஆள் கூலியைவிட எனக்குப் பெரிய கவலை மணல்தான். மணல் சரிந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் களிமண் அதோடு கலக்கிறது. இலை, புல் துணுக்கு மக்கியதும் அதில் சேர்கிறது. மணல் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இந்த நுண்துகள் அடைத்துவிட, தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. காய்ந்தால் மேலே ஓடு கட்டுகிறது. பங்கர் கிழடு தட்டுவது இப்படித்தான். சோதித்துப் பார்ப்பது சுலபம்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஓரமாக வையுங்கள். மணல் உடனே அடியில் படியும். சேறு மெதுவாக அதன்மேல் தனி அடுக்காக உட்காரும். அந்த அடுக்கு தடிமனாக இருந்தால் மணலின் காலம் முடிந்தது.

அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கம் பங்கர் மணலுக்கு 5 முதல் 7 ஆண்டும், வடிகாலுக்கு 5 முதல் 10 ஆண்டும் ஆயுள் சொல்கிறது. இங்கே பல கிளப்புகளில் அதைவிட இரண்டு மடங்கு காலம் ஓட்டுகிறார்கள். பிறகு மணலை மட்டும் மாற்றுகிறார்கள். அடைத்துப்போன குழாய்மேல் கொட்டிய புது மணல் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். எனக்கு வயிறு எரிகிற செலவு அது.

பெட்டர் பில்லி பங்கர் முறை பிறந்த இடம் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம். 1980-களில் அங்கே மைதானப் பொறுப்பில் இருந்த பில்லி ஃபுல்லர், வடிகாலுக்கு மேல் பங்கர் முழுவதும் 2 அங்குல ஜல்லியைப் பரப்பி, அதன்மேல் துணி விரித்து மணல் போட்டார். துணிக்கு ஒரு தொல்லை உண்டு: காலப்போக்கில் வண்டல் அடைக்கும், ஓரம் தூக்கினால் மணலைச் சமப்படுத்தும் ரேக்கில் மாட்டும். இப்போதைய முறையில் துணி கிடையாது. ஜல்லிமேல் பசைபோல் ஒட்டும் பாலிமர் திரவத்தைத் தெளிக்கிறார்கள். கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். எள்ளுருண்டையில் எள் ஒட்டியிருப்பதுபோல. மழைத்தண்ணீர் சரிவின்மேல் ஓடி மணலை இழுக்காமல் நேராகக் கீழே இறங்கிக் குழாய்க்குப் போய்விடுகிறது. களிமண்ணும் மேலே வர வழியில்லை.

எங்கள் மைதானத்தில் பலன் கண்கூடு. பெருமழைக்கு மறுநாளும் அந்தப் பங்கர்களை ரேக் போட்டு முடித்துவிட்டு ஆட்கள் தங்கள் வழக்கமான வேலைக்குப் போய்விடுகிறார்கள். மணலும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

விலை அதிகம், உண்மை. அதோடு வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் முதலில் இறக்கியது கழுவாத ஜல்லி, கையில் எடுத்தால் தூசி. தூசிமேல் பாலிமர் பிடிக்காது, அந்தத் தூசியே பிறகு வடிகாலையும் அடைக்கும். திருப்பி அனுப்பினோம்.

போட்ட பிறகும் கவனம் வேண்டும். பங்கரின் தட்டையான அடிப்பகுதியில் 4 முதல் 6 அங்குலம், சரிவில் 2 முதல் 3 அங்குலம் மணல் இருக்க வேண்டும். குறைந்தால் ஆட்டக்காரரின் மட்டை கல்லில் மோதும். ஒரு கம்பியைக் குத்தி அடிக்கடி ஆழம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஓரம் வெட்டும்போது மண்வெட்டி அடித்தளத்தில் படக்கூடாது, இயந்திர ரேக்கின் பற்களை ஆழமாக இறக்கக்கூடாது.

மணலையும் பார்த்து வாங்குங்கள். உருண்டை மணி மணலில் பந்து புதைந்துபோகும், கோணலான மணிதான் சரிவில் நிற்கும். புது மணல் இறுக சில மாதம் ஆகும், அதுவரை உறுப்பினர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

இது தீர்க்காத சங்கதிகளும் உண்டு. ஃபேர்வேயிலிருந்து (கிரீன் வரை போகும் புல்வெளிப் பாதை) வழிந்து வரும் தண்ணீரை எந்த அடித்தளமும் தாங்காது. பங்கருக்கு வெளியே சிறு வாய்க்கால் எடுத்துத் திருப்பிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் அடித்துத் தெறிக்கும் மணல் விளிம்பில் சேர்ந்து சேர்ந்து உயர்வதும் நிற்காது. அதைப் புல்லோடு பெயர்த்துச் சீவத்தான் வேண்டும்.

தட்டையான பங்கர்களுக்கு 4 அங்குலத் துளைக்குழாய், சுற்றிலும் கழுவிய ஜல்லி, நல்ல மணல், இவ்வளவே போட்டோம். நன்றாகவே இருக்கின்றன.

ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஒன்று எழுதி வாங்குங்கள். பாலிமர் இறுகிய பிறகு, மணல் கொட்டுவதற்கு முன், சரிவில் நான்கைந்து இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை உங்கள் கண்முன்னால் ஊற்றிக் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறங்கினால் மணல் லாரியை உள்ளே விடுங்கள். வழிந்து ஓடினால் அந்த இடத்தைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.