திருட்டு அலாரம்: மாட்டிய பிறகுதான் செலவு தெரிகிறது

எங்கள் வீட்டில் இருப்பது கம்பியில்லா அலாரம். கருவியைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் கதவில் ஒரு துண்டு, நிலையில் ஒரு துண்டு என ஒட்டிய காந்த சென்சார், கதவு கொஞ்சம் விலகினாலே சைரனை அலற வைக்கிறது. சுவரைத் துளைத்து வயர் இழுக்கும் வேலை இல்லாததால் மாட்டும் கூலியும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி பேட்டரி. அந்தச் செலவு பின்னால் வரும். வயர் வைத்தது இதற்கு நேர்மாறு.

அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பற்றி விற்றவர் வாயே திறக்கவில்லை. கரண்ட் போனால் அதுதான் கைகொடுக்கும். 3 முதல் 5 வருடத்தில் மாற்றியாக வேண்டும்.

பெரிய செலவு மாதக் கண்காணிப்புக் கட்டணம்தான், அதாவது அலாரம் அடித்தால் கவனிக்கும் நிறுவனத்துக்குக் கட்டுவது. சில வருடங்களில் கருவியின் விலையையே தாண்டிவிடும். ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் விலகினால் அபராதம் உண்டா, கருவி யாருக்குச் சொந்தம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால் சைரனும் போனுக்கு வரும் தகவலுமே போதும் என்பேன்.

அப்புறம், அசைவு சென்சார் மேல் சிலந்தி ஊர்ந்தால்கூட நள்ளிரவில் கத்தும். அவ்வப்போது துணியால் துடைத்து வையுங்கள், வீண் சர்வீஸ் கட்டணம் மிச்சம்.