ஐந்து மாசி, மூன்று போர்வை: சுவாமிமலைப் பக்கம் நடக்கும் தையல் முகாம்

சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முற்றம் வைத்த பழைய வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில் இருப்பதால் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் ஞாயிறு சாயங்காலம் வரை, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெண்கள் பன்னிரண்டு பதினாலு பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே கூடுகிறோம். அமெரிக்காவில் குவில்ட் தைக்கிறவர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை எங்காவது போய்த் தங்கித் தைப்பார்களாம். மகள் பிரசவத்துக்குப் போன இடத்தில் பேராவூரணி அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்ததுதான் இது. பெயர்ப்பலகை, தலைவி, செயலாளர் எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான்.

2019இல் முதல் தடவை போனேன். கொரோனாவால் இரண்டு வருடம் நடக்கவில்லை. அதைக் கழித்தால் 2025 வரை ஐந்து தடவை. போகலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தையல் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். அங்கே யாரும் வகுப்பு எடுப்பதில்லை. பாதியில் நிற்கிற வேலை ஒன்று பீரோவுக்கு மேலே மூட்டையாகக் கிடக்கிறது என்றால் கண்டிப்பாகப் போங்கள்.

என் மூட்டை ரவிக்கைத் துணி. நவராத்திரிக்கும் வரலட்சுமி நோன்புக்கும் வெற்றிலை பாக்கோடு வருகிற பிட்டுகள். யாரும் அதைத் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. வாங்கி வைத்து, அடுத்த வீட்டுக்கு வைத்துக் கொடுப்பது. எங்கள் தெருவில் ஒரு பிட்டு ஒரு சுற்று சுற்றி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் பால்பாயிண்ட் பேனா கறை இருந்ததால் அடையாளம் தெரிந்தது. அப்படி எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. சதுரம் சதுரமாக வெட்டிப் போர்வையாக்கிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

முதல் வருடம் மானம் போனது. மூன்றரை அங்குலச் சதுரம், சுற்றிலும் கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் மூன்று அங்குலம் நிற்க வேண்டும். வரிசைக்குப் பதினெட்டுச் சதுரம், ஆக 54 அங்குலம். எனக்கு வந்தது 52கூட இல்லை. பக்கத்து மெஷினில் இருந்த மாயவரம் மாமி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாகாணி கூடப் பிடிச்சிருக்கே, ஒரு தையலுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து அரைக்கால் போச்சு. பதினேழு தையலுக்கு நீயே கணக்குப் போட்டுக்கோ” என்றார். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. போட்டேன். இரண்டேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு. ரவிக்கை தைத்துப் பழகிய கைக்குக் கால் அங்குலம் என்றாலே பதறும். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடத் துணி வேண்டாமா? போர்வை பருக்காது என்று கைக்குப் புரிய ஒரு முழு நாள் ஆயிற்று. ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டில் பிளாஸ்திரியை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி, துணி ஓரத்தை அதில் இடித்தாற்போல் ஓட்டுவது மாமி சொல்லிக் கொடுத்தது. அந்தப் பிளாஸ்திரி இன்னும் என் மெஷினில் இருக்கிறது.

கஞ்சி விஷயமும் அங்கே பிடித்ததுதான். துவைத்துத் துவைத்துத் துவண்டுபோன பழைய நூல் புடவையை அப்படியே வெட்டினால் சதுரம் கோணிக்கொள்ளும். வடிகஞ்சியை வடிகட்டி, தண்ணீராகக் கரைத்து முக்கி, கொடியில் போட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் காகிதம் மாதிரி நிற்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் அலசிவிடுங்கள். ஒரு தடவை அலசாமல் பெட்டியில் வைத்து, ராமபாணப் பூச்சிக்கு நல்ல விருந்து வைத்தேன்.

2020 முகாமில் மேல்துணி முடிந்தது. அதன் பிறகு வீட்டிலேயே கிடந்த காலத்தில் பஞ்சு ஷீட் வைத்து முழுசாகத் தைத்து முடித்தேன். முதல் துவையலிலேயே மெரூன் பிட்டுகள் நான்கும் சாயம் விட்டு, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் ஆனது. வினிகரும் கல்லுப்பும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். போட்டேன், நிற்கவில்லை. இப்போது வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பிட்டின் மேலும் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். வெள்ளையில் கொஞ்சம் ஏறினாலும் அது மறுபடி வெற்றிலை பாக்குக்கே போய்விடும்.

அதைவிடப் பெரிய தப்பு பஞ்சு. பாலியெஸ்டர் பஞ்சு வைத்த போர்வையைத் தஞ்சாவூர் ஜில்லாவில் யார் போர்த்திக்கொள்வது? மார்கழியில் விடியற்காலை இரண்டு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். இதற்கு வழி 2023இல் கிடைத்தது. கர்நாடகாவில் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சமான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒன்று தைக்கிறார்கள். ஒருத்தி அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சு கிடையாது. அடியில் பழைய புடவை. மூலையிலிருந்து துண்டுத் துணிகளை ஓரம் மடித்து வைத்துக்கொண்டே, கையால் ஓட்டுத்தையல் போட்டுச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். கடைசியில் நாலு மூலைக்கும் மடித்த துணித்துண்டை வைத்துப் பூ மாதிரி தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகக் கணக்கு. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி முன்னாலேயே திட்டம் எதுவும் வேண்டாம். கரண்டும் வேண்டாம். என் இரண்டாவது போர்வை இதுதான். வீட்டில் எல்லோரும் சண்டை போடுவது இதற்குத்தான்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்பது மெஷின் ஓடும்போது போகாத ஃபியூஸ் இரண்டாவது இஸ்திரிப் பெட்டியை மாட்டியதும் போனது. மெஷின் மோட்டார் ஒன்றுக்கு நூறு வாட்கூட ஆகாது. இஸ்திரிப் பெட்டி ஒன்றே ஆயிரம் வாட். அதனால் இப்போது ஒரே பெட்டி, திண்ணையில் தனி லைனில், வரிசை வைத்து. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் ஊர்க்கதை எல்லாம் நடக்கும். எனக்கு அதில் புகார் இல்லை. குளியலறை இரண்டே இரண்டு என்பதில் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையைத் தையல் மேஜையாக்கிக் குனிந்து தைத்ததில் இடுப்பு பிடித்து, இரண்டு தடவை மாத்திரை போட்டுத் திரும்பியிருக்கிறேன். மேஜைக்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். கட்டணம் 2019இல் 1,800 ரூபாய், 2025இல் 3,600. சாப்பாடு சேர்த்துத்தான். சனிக்கிழமை காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா வருகிறவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மெஷின்: முதல் வருடம் கறுப்பு மெஷினின் தலையை மட்டும் கழற்றி, கும்பகோணத்தில் பஸ் மாறி எடுத்துப் போனேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது. அடுத்த வருடம் எடை குறைவு என்று ஒரு பிளாஸ்டிக் மெஷின் வாங்கினேன். மூன்று மடிப்பு வந்தாலே தையல் விட்டுவிட்டுப் போனது. மறுபடி கறுப்பு மெஷின், ஆனால் ஆட்டோவில். தேதி பார்க்கும்போது மாசி மகத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுவோம், கும்பகோணத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. சம்பா அறுப்பு முடிகிற நேரம் என்பதால் ஜன்னலைத் திறந்தால் வைக்கோல் தூசி. வெள்ளைத் துணி கொண்டுபோகிறவர்கள் மூடி வையுங்கள்.

2024இல் தேருக்குத் தொம்பை தைக்கிற பெரியவர் ஒருவர் ஒரு மத்தியானம் வந்திருந்தார். தேரில் உருளை உருளையாகத் தொங்குமே, யாளியும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைத்த சிவப்பு, மஞ்சள் சீலை, அதுதான். அதுவும் ஒட்டுத்துணி வேலை என்பது அவர் விரித்துக் காட்டுகிறவரை எங்களில் பாதிப்பேருக்கு உறைக்கவில்லை. என் தையலைப் புரட்டிப் பார்த்தவர், “எங்களுது நூறடி தள்ளி நின்னு பாக்கறது. உங்களுது மடியில வெச்சுப் பாக்கறது. இவ்வளவு பொடிசாப் போடத்தான் வேணும்” என்றார். ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன். மூன்றாவது போர்வையில் நடுவே ஒரு தாமரை வெட்டி வைத்தது அந்தத் தைரியத்தில்தான்.

அந்த மூன்றாவது போர்வையும் ரவிக்கைத் துணிதான், அடியில் பழைய சுங்குடி. 2025 முகாமில் ஞாயிறு மத்தியானம் ஓரப்பட்டி வைத்து முடித்து, ஊருக்கு வந்து ஊஞ்சலில் விரித்தேன். பெரியம்மா வந்தவுடனேயே ஒரு மஞ்சள் சதுரத்தைத் தொட்டு, “இது நான் உனக்குக் கொலுவுக்குக் கொடுத்ததுடி” என்றார். அடுத்த வாரம் எதிர்வீட்டு அக்காவும் அதே மஞ்சளைத்தான் காட்டினார். போன மாதம் நாத்தனாரும். பேனாக் கறை உள்பக்கம் போய்விட்டதால் நான் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.