முதல் ட்ராக் க்ளாஸ்: ஸ்கூலா, அகாடமியா, சும்மா ட்ராக் டேவா?

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி டியூக் 390 பைக் எடுத்து ஆறு மாசம் ஆச்சு. போன வாரம் டீக்கடைல நிக்கும்போது, "அண்ணா, ரேஸ் ட்ராக்ல ஓட்டக் கத்துக்கணும், எங்க போறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க"ன்னு கேட்டான். டீ ஆறிப்போற வரைக்கும் பேசியும் முடியல, அதான் உட்கார்ந்து எழுதறேன். மூணு வழியிலயும் நான் போயிருக்கேன். ஆனா தலைகீழ் வரிசைல போனேன், முதல்ல ட்ராக் டே, அப்புறம் ஸ்கூல், கடைசியா அகாடமி. எனக்கு ஆன செலவுல பாதி அந்த வரிசையால ஆனதுதான்.

ட்ராக் டேன்னா வேற ஒண்ணும் இல்ல, காசு கட்டினா உங்க வண்டிய எடுத்துட்டு 20 நிமிஷம் 20 நிமிஷமா ட்ராக்ல விடுவாங்க. காலைல ஒரு ப்ரீஃபிங், கொடி எது எதுக்குன்னு சொல்வாங்க, மஞ்சள்னா முந்தாத, சிவப்புன்னா மெதுவா பிட்டுக்கு, அதாவது ட்ராக் ஓரமா வண்டி நிறுத்தற இடத்துக்கு வா, மஞ்சள்ல சிவப்புப் பட்டை போட்டிருந்தா ரோடு வழுக்குது, அவ்ளோதான், அதுக்கு மேல யாரும் உங்க பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. மூணுல ஃபீஸ் கம்மி இதுதான், அதனாலதான் எல்லாரும் முதல்ல இங்க விழறாங்க, நானும் விழுந்தேன். காலைல என்ன தப்பு பண்ணேனோ அதே தப்ப சாயங்காலம் கொஞ்சம் வேகமா பண்ணேன், வேற எதுவும் கத்துக்கல. நேர் ரோட்ல லிட்டர் பைக் ஒண்ணு, அதாவது 1000 சிசி வண்டி, காதுக்குப் பக்கத்துல கிழிச்சிட்டுப் போச்சு, அடுத்த ரெண்டு வளைவு என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்ல.

என்கூட வந்தவன் கதை இன்னும் மோசம். புது வண்டி, டயர் சூடாகறதுக்கு முன்னாடியே ரெண்டாவது ரவுண்ட்ல சாய்ச்சான், முன் டயர் வழுக்கி வண்டி பக்கவாட்டுல புல்லு வரைக்கும் சறுக்கிட்டுப் போச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல, கையுறைதான் தேஞ்சு போச்சு. வண்டிக்கு க்ளட்ச் லீவர், ஃபுட்பெக், ரேடியேட்டர், டேங்க்ல ஒரு பள்ளம். இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம்னு சொல்லிட்டு இருந்தான், பாலிசிய எடுத்துப் பாத்தா பந்தயம், வேகச் சோதனை இதுக்கெல்லாம் ஓட்டினா கவர் கிடையாதுன்னு அழகா அச்சடிச்சிருக்கு. இது ஒரு கம்பெனி விஷயம் இல்ல, நம்ம ஊர் வண்டி பாலிசி எல்லாத்துலயும் இந்த வரி இருக்கும், இப்பவே உங்களோடத எடுத்துப் பாருங்க.

அடுத்தது ஸ்கூல். நம்ம பக்கம் ஸ்கூல்னு சொன்னா கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்தான். கீத் கோட்ங்கற பைக் கோச் 1980ல அமெரிக்கால ஆரம்பிச்சது, 2010 வாக்குல இருந்து இந்தியாவுக்கும் வர்றாங்க, நடத்தறது சென்னைக்குப் பக்கத்துல நம்ம இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல. வருஷத்துல ஒருசில நாள்தான், அதுக்கு இந்தியா பூரா ஆள் வருவாங்க, வடக்கே இருந்து லாரில வண்டிய ஏத்தி அனுப்பிட்டு இவங்க ப்ளைட்ல வர்றதெல்லாம் சகஜம். ஒரு கோச்சுக்கு மூணு பேருக்கு மேல இல்ல. ஒரு லெவலுக்கு ஒரு நாள், ஒரு நாளைக்கு அஞ்சு பாடம், ஒவ்வொண்ணுக்கும் முதல்ல கிளாஸ்ரூம், அப்புறம் 20 நிமிஷம் ட்ராக், இறங்கினதும் கோச் உங்கள நிக்க வச்சு கேள்வி கேப்பாரு. லெவல் ஒண்ணுல ஆக்சிலேட்டர எப்படித் திறக்கறது, எந்த இடத்துல திருப்பறது, எவ்ளோ சட்டுனு திருப்பறது, ஹேண்டில்பார சும்மா அழுத்தாம எப்படி விடறது, கண்ண எப்போ எங்க மாத்தறது, இந்த அஞ்சுதான். வளைவுல சாஞ்சு முட்டிய ரோட்ல உரசறது இதுல இல்லவே இல்ல.

முதல் பாடத்தப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும். நாலாவது கியர் மட்டும், பிரேக் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இருங்காட்டுக்கோட்டைல நேர் ரோடு முடிஞ்சதும் சி1, அதாவது முதல் வளைவு, வலது பக்கம் போற வேகமான வளைவு, ட்ராக்லயே ஆளோட தைரியத்த அளக்கற இடம். அதுக்குள்ள பிரேக் இல்லாம எப்படிப் போறது? ரெண்டு விரல் தானா லீவர் மேல போகுது, நான் எடுக்கறேன், மறுபடியும் போகுது. முதல் ரவுண்ட்ல ஆக்சிலேட்டர ரொம்ப முன்னாடியே மூடிட்டு மாட்டு வண்டி மாதிரி உள்ள போனேன். மூணாவது ரவுண்ட்ல என்ன ஆச்சுன்னா, எங்க மூடினா எவ்ளோ வேகம் மிச்சம் இருக்கும்னு கண்ணே சொல்ல ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் நான் பயத்துல பிரேக்க அமுக்கி, ரொம்ப மெதுவாயிடுச்சேன்னு நடு வளைவுல முறுக்கி, மறுபடி பயந்து மூடின ஆள். எட்டு வருஷமா ஏலகிரி, கொல்லிமலைன்னு சுத்தினவனுக்கு இத ஒருத்தரும் சொல்லல.

ஏன் முறுக்கணும்ங்கறதுக்கு அவங்க சொல்ற கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வளைவுல வண்டியோட பாரம் முன்னாடி 40, பின்னாடி 60 சதவீதம் இருக்கணும், ஏன்னா டயரே அந்த அளவுலதான் செஞ்சிருக்கான். டியூக் 390ய எடுத்துக்கோங்க, முன் டயர் அகலம் 110 மில்லிமீட்டர், பின் டயர் 150, கூட்டி வகுத்துப் பாருங்க, 42க்கு 58 வருது. ஆக்சிலேட்டர மூடினா பாரம் முன்னாடி குவிஞ்சு சின்ன டயர் தலைல ஏறுது, மெதுவா ஒரே சீரா திறந்துட்டே போனா பாரம் பின்னாடி போய் வண்டி அப்படியே தண்டவாளத்துல போற மாதிரி உட்காருது. இது தெரிஞ்சா ஈசிஆர்ல கூட உதவும், அதனாலதான் ஸ்கூல நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா முதல் தடவைக்கு அது வேணாம்னும் சொல்றேன். ஃபீஸ் மூணுலயும் அதிகம்ங்கறது ஒண்ணு. பாடம் பூரா இங்கிலீஷ், வெளிநாட்டு கோச்சோட உச்சரிப்பு ஹெல்மெட் கழட்டாம புரியாதுங்கறது இன்னொண்ணு. பெரிய விஷயம் என்னன்னா வண்டி உங்களோடது. நான் இ.எம்.ஐ. கட்டிட்டு இருந்த வண்டில போனேன், கோச் சொல்ற பாதி மண்டைல ஏறுது, மீதி பாதில டேங்க் என்ன விலை, ஃபேரிங், அதான் மேல மூடற ப்ளாஸ்டிக் கவர், என்ன விலைன்னு ஓடிட்டு இருக்கு. விழுந்தா என்ன ஆகும்ங்கற பயம் உடம்புக்கு இருக்க வேண்டியதுதான், பில்லுக்கு இருந்தா ஒண்ணும் கத்துக்க முடியாது.

அகாடமில இந்தத் தொல்லை கிடையாது. ரேஸ் ஓட்டினவங்க நடத்தற இடங்கள், நம்ம சென்னைக்காரர் ரஜினி கிருஷ்ணன், நேஷனல் சாம்பியன், அவரு ஒரு அகாடமி நடத்தறாரு, வேற சிலரும் நடத்தறாங்க. நான் போனது வேற ஒண்ணு, பேரு வேணாம், ஏன்னா ஒரு குறையும் சொல்லப் போறேன். கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் பக்கம் இருக்கற கரி ஸ்பீட்வேல ரெண்டு நாள், வண்டி அவங்களோடது, 200 சிசி, கண்ணாடி கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, ஹாரன் கிடையாது. முதல் செஷன்ல ஒருத்தர முந்தும்போது என் இடது கட்டைவிரல் ஹாரன் பட்டனத் தேடுது பாருங்க, சிரிப்பு தாங்கல. பழைய வண்டிதான், ஏற்கனவே பத்துப் பேர் போட்டு எடுத்த தழும்பு எல்லாம் இருக்கு, அதப் பாத்ததுமே மனசு லேசாயிடுச்சு.

கோச் தமிழ்ல திட்டுவாரு, இது எவ்ளோ பெரிய வசதின்னு அனுபவிச்சாதான் தெரியும். "தம்பி, நீ ஹேண்டில்பாரப் பிடிக்கல, பஸ்ல கம்பியப் பிடிச்சுத் தொங்கற. முட்டியால டேங்க கவ்வு, கைய விடு." வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தி என்ன அதுல உட்கார வச்சு, முழங்கைல ரெண்டு தட்டு தட்டினாரு, கை தொங்கணும், விறைச்சா மறுபடியும். பத்து நிமிஷம் இதேதான். அடுத்த செஷன்ல வலது கைப்பிடிய முன்னாடி லேசாத் தள்ளினேன், வண்டி தானா வலது பக்கம் சாஞ்சுது. ஸ்கூல்லயும் இதைத்தான் சொன்னாங்க, அங்க மண்டைக்குப் புரிஞ்சுது, இங்க கைக்குப் புரிஞ்சுது.

குறை என்னன்னா கோச் ரெண்டு பேரு, நாங்க பன்னெண்டு பேரு. முன்வரிசைல வேகமா ஓட்டற ரெண்டு பசங்க மேலதான் கண்ணு, அடுத்த ரேஸருக்கு ஆள் தேடறாங்கன்னு எனக்குத் தோணுச்சு. வாடகை லெதர் சூட்ல முன்னாடி போட்டவரோட ரெண்டு நாள் வியர்வை அப்படியே இருந்துச்சு. அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு கோச்சுக்கு எத்தன பேருன்னு கேட்டுடுங்க, விழுந்தா வண்டிக்கு எவ்ளோ வரைக்கும் நாம கட்டணும்னும் கேட்டுடுங்க, சில இடத்துல லீவர், ஃபுட்பெக் எல்லாத்துக்கும் தனி ரேட் இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. ஸ்கூல்ல ஆரம்பத்துல வேகத்தக் குறைக்கற வேலையெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடு, உள்ள போனா ஆக்சிலேட்டர்தான்னு போகும். அகாடமில ரேஸ் புத்தி, பிரேக்க விடாம லேசாப் பிடிச்சிட்டே உள்ள வா, கொஞ்சம் கொஞ்சமா விடுன்னு சொல்லுவாங்க. ரெண்டும் சரிதான், ஆனா ஒரே மாசத்துல ரெண்டுக்கும் போனா கை குழம்பிடும். ரேஸே ஓட்டணும்னு ஆசை இருந்தா அகாடமிதான் வழி, இந்தியாவோட மோட்டார் ரேஸ் கூட்டமைப்பு எஃப்எம்எஸ்சிஐ தர்ற லைசன்ஸ் இல்லாம நேஷனல் ரேஸ்ல நிக்க முடியாது, அதுக்கு என்ன சர்டிபிகேட் வேணும், எங்க வாங்கணும்னு அவங்களுக்கு அத்துப்படி.

ட்ராக்கப் பொறுத்தவரைக்கும் எல்லாரும் பெருசுக்குத்தான் ஆசைப்படறாங்க. நொய்டா பக்கம் புத் சர்க்யூட் 5 கிலோமீட்டருக்கு மேல, 2011ல இருந்து 2013 வரைக்கும் ஃபார்முலா ஒன் ஓடின இடம், 2023ல மோட்டோஜிபி நடந்துச்சு, அங்க போட்டோ எடுத்துக்கலாம், 390ய வச்சு அந்த நேர் ரோட்ல தூங்கலாம். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, 1990ல இருந்து இருக்கு. அதுக்கு முன்னாடி சோழவரத்துல பழைய விமானதளத்துல ஓட்டினாங்க, எங்க சித்தப்பா அங்க மதில் ஏறிப் பாத்த கதைய இப்பவும் தீபாவளிக்கு தீபாவளி சொல்லுவாரு. கரி ரொம்பச் சின்னது, சுமார் 2 கிலோமீட்டர், அதான் எனக்குப் பிடிச்சுது. 20 நிமிஷத்துல இருங்காட்டுக்கோட்டைல நான் எட்டு ரவுண்ட் போனா கரில பன்னெண்டு போறேன். ஒரு வளைவுல தப்பு பண்ணா ரெண்டு நிமிஷத்துக்குள்ள அதே வளைவு மறுபடியும் வந்துடுது, தப்பு மறக்கறதுக்குள்ள திருத்திக்கலாம். வேகமும் ஏறாது. வெயிலும் கோயம்புத்தூர்ல கொஞ்சம் கருணை காட்டும், சென்னைல மார்ச்சுக்கு மேல லெதர் சூட் போட்டு நின்னீங்கன்னா இட்லிப் பானைதான், ரெண்டாவது செஷனுக்கே மோர் கேக்கும்.

செலவுல ஒண்ணு யாரும் கணக்குல எடுக்கறது இல்ல. சொந்த வண்டின்னா ஹெட்லைட்டுக்கு டேப், கண்ணாடி கழட்டணும், பிரேக் பேடு, செயின் எல்லாம் சரி பாக்கணும், ஒரு நாள்ல டயர் ஓரம் தேஞ்சிடும், போக வர குட்டி யானை வாடகை. ஓட்டிட்டே திரும்பலாம்னு நினைக்காதீங்க, நான் ஒரு தடவை சாயங்காலம் பெங்களூர் ஹைவேல அப்படி வந்தேன், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து பூந்தமல்லி வரைக்கும் முன்னாடி போற ஒவ்வொரு லாரியும் எனக்கு ஒரு வளைவாத் தெரிஞ்சுது, அப்புறம் ஓரமா நிறுத்தி ஒரு இளநி குடிச்சிட்டுத்தான் கிளம்பினேன். இதையெல்லாம் கூட்டினா ட்ராக் டே ஒண்ணும் சீப் இல்ல, அகாடமில எல்லாம் உள்ளயே முடிஞ்சிடுது.

சொந்தமா ஹெல்மெட், கையுறை மட்டும் வாங்கிக்கோங்க, மத்தது வாடகைக்குப் போதும். ஹெல்மெட் முழு முகம் மூடறது, கையுறை மணிக்கட்டத் தாண்டி வரணும்.

அதனால தம்பிக்கு நான் சொன்னது, முதல்ல கரில அவங்க வண்டில ஒரு அகாடமி. ஒரு ஆறு மாசம் அதையே மனசுல ஓட்டிட்டு, அப்புறம் சொந்த டியூக்ல ஸ்கூல் லெவல் ஒண்ணு, பயம் பாதி போயிருக்கும், சொல்றது பூரா ஏறும். ட்ராக் டே அதுக்கப்புறம், என்ன பழகணும்னு தெரிஞ்சு போறதுக்கு.

"அப்போ என் வண்டி?"ன்னு முகத்தத் தொங்கப் போட்டான். வண்டி பார்க்கிங்ல நிக்கட்டும்டா. நீ சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறு, ஹெல்மெட் பைய தலைக்கு வச்சுத் தூங்கு, விடிஞ்சா கோயம்புத்தூர்.