ஹாலோவீனா, ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்தா?

போன வாரம் அக்கா மகள் இரண்டு தோழிகளோடு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தாள். "மாமா, பழைய ஸ்லாஷர் படம் போடுங்க. ஒண்ணுதான், காலையில காலேஜ் இருக்கு" என்றாள். கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் பயப்படம்தான் ஸ்லாஷர். ஒன்றுதான் என்றால் போட்டி இரண்டு படங்களுக்குள்தான்: ஜான் கார்பென்டரின் ஹாலோவீன் (1978), ஷான் கன்னிங்ஹாமின் ஃப்ரைடே தி தேர்ட்டீன்த் (1980). முடிவைச் சொல்லாமல் இவற்றை அலச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹாலோவீன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் கன்னிங்ஹாம் தன் படத்தையே தொடங்கினார். அதனால் ஃபார்முலா இரண்டுக்கும் ஒன்று. பழைய கொலை ஒன்று இருக்கும். பல வருடம் கழித்து அதே இடத்தில் இளவட்டங்கள் கூடுவார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் ஒரு பெண் மிஞ்சுவாள். அந்தக் 'கடைசிப் பெண்'ணைப் பற்றி சினிமா ஆய்வாளர் கரோல் குளோவர் 1987-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். முடிவு தெரிந்த கதை என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. தெரிந்த முடிவுக்கு நம்மை எப்படிக் கூட்டிப் போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஹாலோவீனைத்தான் போட்டேன். முதல் காட்சியே கொலைகாரன் கண் வழியாக நடக்கிறது. வருடம் 1963. கேமரா ஜன்னலோரமாக நடந்து வீட்டுக்குள் போகிறது, சமையலறையில் கத்தி எடுக்கிறது, படியேறுகிறது. கொலை முடிந்து வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றினால், நிற்பது கோமாளி உடை போட்ட ஆறு வயதுப் பையன், மைக்கேல் மையர்ஸ். "யாருன்னு முதல்லயே காட்டிட்டா அப்புறம் என்ன மாமா த்ரில்?" என்று அக்கா மகள் கேட்டாள். சரியான கேள்வி. பல வருடம் கழித்து வளர்ந்து திரும்பி வரும் அவன் எங்கே நிற்கிறான் என்று நமக்குத் தெரியும், நாயகி லோரிக்குத் தெரியாது. படம் முழுக்க அந்த இடைவெளியில்தான் நம்மை உட்கார வைக்கிறார் கார்பென்டர்.

அதுவும் பட்டப்பகலில். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கார். நடைபாதையில் வேலிச்செடி ஓரம் ஓர் ஆள். அப்புறம் கொல்லையில், கொடியில் காயும் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நிற்கிறான். அடுத்த பார்வையில் துணி மட்டும் ஆடுகிறது. புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மஞ்சள் சுவரும் வெயிலும்தான் இருக்கும். அந்த நேரத்தில் தனியாக நடந்தவர்களுக்கு இந்தப் பயம் சட்டென்று புரியும். சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் டாலரில் எடுத்த படம் இது. நடிகர் வில்லியம் ஷாட்னரின் முக அச்சில் கடையில் விற்ற முகமூடிக்கு வெள்ளை அடித்து, கண் துளையைப் பெரிதாக்கினார்கள். ரத்தம் மிகக் குறைவு. பயத்தில் பாதியைக் கார்பென்டரே போட்ட அந்தப் பியானோ இசை தருகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. நடுவில் தோழிகளின் அரட்டை இழுக்கிறது. லோரி அவனைக் குத்திவிட்டுக் கத்தியைக் கீழே போடுகிறாள், ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பார்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் ஒன்றாகக் கத்திவிட்டார்கள்.

இப்போது ஃப்ரைடே, ஏரிக்கரை முகாம் ஒன்றில் நடக்கும் கதை. இதன் பெரிய பலம் டாம் சவினியின் ஒப்பனை. கட்டிலில் படுத்திருக்கும் நடிகர் கெவின் பேக்கனின் தொண்டையை அம்பு துளைத்து வெளிவரும் காட்சியில், அவர் கட்டிலுக்கு அடியில் முடங்கிக்கொண்டு தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். கழுத்தும் மார்பும் பொம்மை. நாற்பது வருடம் கழித்தும் ஒட்டு தெரியவில்லை. இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினியின் 'கி கி கி, மா மா மா' என்ற கிசுகிசுப்பும் அருமை. கொலையாளி அருகில் இருக்கும்போது மட்டும்தான் இசை வர வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு படத்துக்கு முதுகெலும்பு. ஏரியில் மூழ்கிய பிள்ளைக்காகப் பழிவாங்கும் தாயாக பெட்ஸி பால்மர் வந்து நிற்கும்போது, மைக்கேல் மையர்ஸிடம் இல்லாத ஒரு துக்கம் இந்தப் படத்துக்குக் கிடைத்துவிடுகிறது. (ஹாக்கி முகமூடியைத் தேடாதீர்கள். அது 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான்.)

ஆனால் அந்தத் தாய் கடைசிப் பகுதியில்தான் முதன்முதலாகத் திரைக்கு வருகிறாள். அதுவரை ஒருமுறைகூடக் கண்ணில் காட்டாதவளை நாம் எப்படிச் சந்தேகிப்பது? யார் என்பதை மறைத்து வைத்த படம், துப்பு ஒன்றாவது கொடுத்திருக்க வேண்டும். கொலைகாரன் கண் வழியாகக் கேமரா இங்கேயும் நகர்கிறது. ஆனால் முகத்தை மறைப்பதற்கு மட்டுமே. அதனால் அந்தப் பிள்ளைகளுக்காகப் பதறாமல், அடுத்து யார், எப்படி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு நிஜப் பாம்பைக் கேமரா முன் வெட்டிக் கொன்றதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரே இரவு என்றால் ஹாலோவீன். நாலைந்து பேர் கூடி, கத்திச் சிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரைடே. ஏரியிலிருந்து பையன் எழும்பும் அந்தக் கடைசி உலுக்கலுக்குக் கூட்டம் வேண்டும்.

படம் முடியும்போது மைக்கேலின் உடல் புல்வெளியில் இல்லை. காலியான அறைகள், மாடிப்படி, தெரு என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. விளக்கைப் போட்டேன். மொட்டைமாடிக் கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன, எடுத்து வரச் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்துதான் போனார்கள்.