சிரிஞ்சா, வேக்கம் டியூபா? சிவப்பா, மஞ்சளா, சாம்பலா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறரைக்கே பெஞ்சு நிறைந்துவிடும். எல்லோரும் வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்தவர்கள். எதை வாங்கி வைப்பது என்று புதிதாகக் கூடம் திறப்பவர்கள் கேட்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சிரிஞ்சுக்கும் வேக்கம் டியூபுக்கும் உள்ள வழக்கு. வேக்கம் டியூபில் காற்றை முன்பே உறிஞ்சி வைத்திருக்கிறார்கள். ஊசி ஏறியதும் வேண்டிய அளவு ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். ஒரே குத்தில் நான்கு டியூப் நிரப்பலாம். ரத்தம் காற்றில் படாது; ஊசியைக் கழற்றி, ஊற்றி, கையில் குத்திக்கொள்ளும் வேலையும் இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

மீதி இரண்டு பேர் யாரென்றால், குறுவை நடவு முடித்து வரும் ஆட்களும் எண்பதைத் தாண்டிய அப்பாயிகளும். வெயிலில் குனிந்து நின்றவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றி, நரம்பு நூலாகக் கிடக்கும். (ஊரார் நரம்பு என்பது சிரையைத்தான். நிஜமான நரம்பும் தமனியும் முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஓடுகின்றன, அங்கே குத்தாதீர்கள்.) அந்த மெல்லிய சிரையை வேக்கம் ஒரே இழுப்பில் ஒட்டவைத்துவிடும், ரத்தம் வராது. சிரிஞ்சில் இழுப்பு நம் விரலில் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுப் பிஸ்டனை இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்) ரோஸ் நிறமாகிவிடும். பொட்டாசியம் பொய்யாக ஏறும். 21, 22 எண் ஊசிகள் சாதாரணக் கைக்கு. எண் கூடக் கூட ஊசி மெலியும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கள்" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

பட்டர்ஃபிளை ஊசி (பிடித்துக்கொள்ள இரண்டு இறக்கை வைத்த மெல்லிய ஊசி) குழந்தைகளுக்கும் புறங்கைச் சிரைக்கும் அருமை, விலைதான் உறுத்தும். பத்து வாங்கி வைத்தால் போதும்.

இனி டியூபின் மூடி நிறம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். எடுத்த ரத்தத்தை அங்கேயே பரிசோதிப்பதானால் சிவப்பு மூடியே போதும், மலிவு. அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சீரம் தயார். மஞ்சள் மூடியில் அடியில் ஜெல் உண்டு. சுழற்றியதும் அது நடுவில் சுவர்போல நின்று, கீழே அணுக்களையும் மேலே சீரத்தையும் பிரித்துவிடும். மாதிரி தஞ்சாவூருக்குப் பயணம் போவதானால் இதுதான். ஆனால் சுழற்றிய பிறகே அனுப்ப வேண்டும். ஒருமுறை சுழற்றியதை மறுபடி சுழற்றவும் கூடாது.

சர்க்கரை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை; அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். வெறும் வயிற்றில் 130 இருந்தவரின் ரத்தம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால் 115-ஐ ஒட்டி வந்து நிற்கும். 126-ஓ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்பது கணக்கு. மனிதருக்கு வழியிலேயே நோய் தீர்ந்துவிட்டது! மின்சாரமும் சுழற்றும் இயந்திரமும் கைவசம் இருந்தால் உடனே பிரித்த மஞ்சள் போதும். மின்வெட்டு அடிக்கும் ஊரென்றால் ஃப்ளோரைடு (அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும் உப்பு) போட்ட சாம்பல் மூடி. அதுவும் முதல் சில மணி நேரம் சர்க்கரையைக் கொஞ்சம் கசியவிடும். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளும்.

ஊதா மூடிக்குப் போட்டியே இல்லை, அணு எண்ணிக்கைக்கு அதுதான். எடுத்ததும் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஐப்பசி மழைக்குப் பின் டெங்கு பயத்தில் வருபவருக்கு, சரியாகக் கலக்காத டியூபில் தட்டணு (பிளேட்லெட்) திரண்டு எண்ணிக்கை குறைந்து காட்டினால் வீடே கலங்கிவிடும்.

டியூப்களை நிரப்பும் வரிசை: இளநீலம் (ரத்தம் உறையும் நேரம் பார்க்க), சிவப்பு அல்லது மஞ்சள், ஊதா, கடைசியாகச் சாம்பல். இளநீலத்தில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (உறையவிடாத உப்பு). கோடு வரை நிரம்பாவிட்டால் குப்பையில் போடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்பில் ரத்தம் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். பொட்டாசியம் 10-ஐத் தாண்டியது, கால்சியம் பாதாளத்துக்குப் போனது. தாளைப் பார்த்தால் ஆள் பிழைத்திருக்கவே முடியாது. அவரோ வாசலில் இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் கலந்த உப்பு என்று அன்றுதான் மண்டையில் ஏறியது. "இன்னொரு குத்தா, தம்பி?" என்று கையை நீட்டினார். சிவப்பை முதலில் நிரப்பினேன். 4.2.